ஞாயிற்றுக்கிழமையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்

கேள்வி: பல்லடம் பக்கம் கிராமம் எங்களுக்கு. வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவார். மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். மகள் எட்டாவது முடித்திருக்கிறாள். லீவு விட்டதிலிருந்து இரண்டு பேர் வாயிலும் ஒரே வார்த்தைதான்: “போர் அடிக்குது.” பையன் பதினொரு மணிக்கு எழுந்து ஃபோனில் கேம் விளையாடுகிறான். பொண்ணு ரீல்ஸ் பார்க்கிறாள். எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். என்ன வாங்கிக் கொடுத்தாலும் இரண்டு நாள்தான். என்ன செய்து போட்டாலும் “இதுதானா” என்கிறார்கள். போன வாரம் கோயமுத்தூர் மாலுக்குப் போய் 3,200 ரூபாய் செலவு. சாப்பிடும் இடத்தில் நான்கு பேரும் ஆளுக்கொரு ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காங்கயம் பக்கம் என் அப்பாவின் தோட்டத்துக்குப் போனால் டவர் கிடைக்கவில்லை என்று அழுகிறார்கள். சம்மர் கேம்ப்புக்கு ஆளுக்கு 6,000 கேட்கிறார்கள், சேர்க்கலாமா? மாமியாரும் எங்களோடு இருக்கிறார், அவருக்கும் பொழுது போவதில்லை. குடும்பமாகச் சந்தோஷமாக இருக்க என்னதான் செய்வது?
ஒரு வாசகி, பல்லடம் வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். “எங்கே கூட்டிக்கொண்டு போனாலும்”, “என்ன வாங்கிக் கொடுத்தாலும்”, “என்ன செய்து போட்டாலும்” என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றிலும் ஓடியாடி வேலை செய்வது நீங்கள். பிள்ளைகளுக்கு என்ன வேலை? வண்டியில் ஏறி உட்காருவது, தட்டில் விழுவதைச் சாப்பிடுவது, பிடிக்கவில்லை என்று சொல்வது. வீட்டுக்கு வந்த ஒறம்பரை (விருந்தாளி) மாதிரி வைத்திருக்கிறீர்கள். ஒறம்பரையாகப் போன இடத்தில் மூன்றாம் நாள் நமக்கும் போர் அடிக்கத்தானே செய்கிறது?

அந்தப் பேச்சுக்கு வருவதற்கு முன்னால் ‘போர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈரோட்டில் என் ஆலோசனை அறைக்கு வரும் பிள்ளைகள் பலர் முதல் நாள் சொல்வது இதைத்தான். கொஞ்ச நேரம் பேசவிட்டால், ஒருவனுக்கு அது தூக்கம் போதாமை. ஒருத்திக்கு, தோழி வேறு ஊருக்குப் போய்விட்ட துக்கம். இன்னொருவனுக்கு வெறும் பயம். உங்கள் மகன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான் என்பதை நீங்கள் ஒரு வரியில் எழுதித் தாண்டிவிட்டீர்கள். அவனால் அப்படித் தாண்ட முடியாது. கேம் ஓடும்போது மட்டும்தான் அது ஞாபகத்துக்கு வராமல் இருக்கிறதோ என்னவோ. “ரிசல்ட் எப்படி வரும்?” என்று அவனிடம் கேட்காதீர்கள், அதைத்தான் ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. “மார்க் எதுவானாலும் அடுத்து என்னன்னு நாம உட்கார்ந்து பார்த்துக்கலாம் சாமி” என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். எதிரில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டாம். பாத்திரம் கழுவும்போதோ வண்டியில் போகும்போதோ சொன்னால் போதும். அவன் பதில் பேச மாட்டான். பரவாயில்லை, காதில் விழுந்திருக்கும்.

பதினொரு மணி விஷயமும் முழுக்கச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதே ராத்திரியில் தள்ளிப்போகிறது. சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் உடம்பு கேட்காது. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதுதான் தூக்க மருத்துவர்களின் கணக்கு. ஒரு மணிக்குப் படுத்தவன் பத்து, பதினொன்றுக்கு எழுந்தால் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. படுக்கும் நேரத்தை வாரத்துக்கு அரை மணி முன்னால் இழுத்தால் போதும். காலையில் தண்ணீரைத் தெளித்து எழுப்புவதால் நடப்பது ஒன்றே ஒன்றுதான், அன்றைய நாள் சண்டையில் விடியும்.

அப்புறம் சும்மா இருப்பது என்பது பெரியவர்களுக்கும் வராத வித்தை. 2014இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளை ஓர் அறையில் 15 நிமிடம் தனியாக உட்காரவைத்தார்கள். ஃபோன் இல்லை, புத்தகம் இல்லை. ஒரு பொத்தான் மட்டும் உண்டு, அமுக்கினால் லேசாக ஷாக் அடிக்கும். அந்த ஷாக் எப்படி இருக்கும் என்பதை முன்பே காட்டியும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அமுக்கினார்கள். யோசித்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு அது மேல் என்று பட்டிருக்கிறது! உங்கள் வீட்டிலும் மாலில் நான்கு ஃபோன்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு பெரியவர்களுடையவை.

சரி, கேம்ப். ஆளுக்கு 6,000 என்றால் 12,000. உங்கள் மகளோ மகனோ “எனக்கு ஓவியம் கற்றுக்கொள்ளணும், கராத்தே கற்றுக்கொள்ளணும்” என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் தாராளமாகச் சேருங்கள். கேட்கவில்லை என்றால் வேண்டாம். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வேறு யாரோ அவர்களுக்கு வேடிக்கை காட்டுவார்கள், ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்து மறுபடி “போர்” என்பார்கள். காசு கொடுத்து வாங்கிய மூன்று மணி நேர நிம்மதி என்று வைத்துக்கொள்ளலாம். சில அம்மாக்களுக்கு அதுவும் தேவைதான், குற்றம் சொல்லவில்லை.

என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். ஊருக்கே ஆலோசனை சொல்கிறவள் செய்த வேலை. என் மகனுக்கு அப்போது 15 வயது. ஒரு மே மாதம் டாப்ஸ்லிப் போகலாம் என்று நான் முடிவு செய்தேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே டிபன், எங்கே நின்று போட்டோ என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அவன் காரின் பின் சீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தூங்கினான். ஆழியாறு வந்தது, தூக்கம். ஆனைமலைக் காடு வந்தது, தூக்கம். யானையைப் பார்த்தோம், “ம்” என்றான். திரும்பும்போது பொள்ளாச்சிக்கு முன்னால் ஒரு தென்னந்தோப்பு ஓரம் டயர் பஞ்சர். என் வீட்டுக்காரருக்கு முதுகுவலி, குனிய முடியாது. “நீ போடறியா?” என்று ஸ்பேனரை அவனிடம் நீட்டினார். ஜாக்கியை எங்கே வைப்பது என்று இரண்டு தடவை தப்பு செய்தான். ஒரு நட்டு இறுகிப்போய் வரவில்லை, ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தான். முக்கால் மணி நேரம். கையெல்லாம் கிரீஸ். அங்கிருந்து ஈரோடு வந்து சேரும் வரை பேசிக்கொண்டே வந்தான். இன்றைக்கும் டாப்ஸ்லிப் என்றால் அவனுக்கு அந்த டயர்தான், யானையைக் கேட்டால் “எந்த யானை?” என்கிறான்.

உங்களுக்கும் நான் அந்த ஸ்பேனரைத்தான் சிபாரிசு செய்கிறேன். வாரத்தில் ஒரு நாளை முழுதாக அவர்கள் இருவரிடமும் கொடுத்துவிடுங்கள். தறி நிற்கும் நாள் எதுவோ அது. ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். கூடவே 1,000 ரூபாய். நீங்கள் மாலில் விட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நாள் குடும்பம் என்ன செய்யும், எங்கே போகும், என்ன சாப்பிடும் என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. காசு அதற்குமேல் கிடையாது, அப்பத்தாவையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும், எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். அவர்களுக்கு இவ்வளவுதான் நிபந்தனை. உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒன்றே ஒன்று: “நான் அப்பவே சொன்னேன்” என்ற வாக்கியம் அன்றைக்கு வாயில் வரக் கூடாது. எனக்குத் தெரிந்து இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

முதல் வாரம் சொதப்பும். திருப்பூர் போய் பர்கர் சாப்பிட்டு ஒரு படம் பார்க்கலாம் என்பார்கள். ஐந்து பேருக்கு 1,000 ரூபாய் எந்த மூலைக்கு? டிக்கெட் விலையைப் பார்த்ததும் அண்ணனும் தங்கையும் அடித்துக்கொள்வார்கள். நீங்கள் பர்ஸைத் திறக்காமல் இருக்க வேண்டும். காருக்குப் பெட்ரோல் போட்டால் பாதிக் காசு போய்விடும் என்பதை அவனே கண்டுபிடிப்பான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது என்று உங்கள் மகள் எடுத்துவிடுவாள்: “எனக்கும் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் ஃப்ரீ, உங்க ரெண்டு பேருக்குத்தான் செலவு.” அந்த ஒரு வரிக்காகவே பஸ்ஸில் போகலாம்.

ஆனால் வெறும் கையை நீட்டி “யோசிங்க” என்றால் அவர்களுக்குத் தோன்றுவது ஃபோனில் பார்த்ததுதான். அதனால் சில விஷயங்களை அவர்கள் கண்ணில் படும்படி போட்டு வைக்கலாம். எடுத்தால் எடுக்கட்டும்.

உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது, மாமியாரின் சந்தகை (இடியாப்பம் மாதிரியான பலகாரம்) அச்சு. பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். “என்ன செய்து போட்டாலும்” என்று எழுதினீர்களே, நீங்கள் செய்து போடாதீர்கள். ஒரு சனிக்கிழமை அப்பத்தாவை விட்டு அச்சை இறக்கச் சொல்லுங்கள். புழுங்கல் அரிசியை மூன்று, நான்கு மணி நேரம் ஊறவைத்துக் கெட்டியாக ஆட்டி, இட்லித் தட்டில் வேகவைத்து, சூடு ஆறும் முன் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். மூன்று கால் அச்சு என்றால் ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், ஒருவர் கீழே தட்டைக் காட்ட வேண்டும். தனியாகச் செய்ய முடியாத பலகாரம் அது, அதுதான் இதில் விசேஷம். எங்கள் வீட்டில் என் மாமியார் இருந்தவரை, “சுத்துடா சாமி, ஆறிப்போச்சுன்னா ராவணனே வந்தாலும் இறங்காது” என்று பேரனை விரட்டுவார். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுவான். அச்சின் அடியில் வெள்ளை நூல் நூலாக இறங்கும், ஆவி மூக்கில் அடிக்கும், கொஞ்சம் உப்புக் கூடிய அந்த முதல் பிழியலை யாரும் தட்டில் போட்டுத் தின்றதில்லை, கையிலேயே காலியாகிவிடும். தேங்காய்ப்பாலும் வெல்லமும் மகளிடம் கொடுங்கள். பாதி சந்தகைக்கு எலுமிச்சம்பழம், பாதிக்குத் தேங்காய்ப்பால் என்று அவள் முடிவு செய்யட்டும். வெல்லம் கூடிப்போனால் தின்றுவிட்டு எழுந்திருங்கள்.

பொழுது போகவில்லை என்கிற மாமியாருக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. கையோடு அவரிடம் ஆடுபுலி ஆட்டத்தையும் கேட்டு வையுங்கள். திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு, 3 புலிக்குப் புளியங்கொட்டை, 15 ஆட்டுக்குக் கூழாங்கல். ஆடு பிடிக்கிறவருக்குத்தான் பொறுமை வேண்டும். அவசரக்காரன் புலி கேட்பான். உங்கள் மகன் புலி கேட்பான், அப்பத்தா ஆட்டை வைத்தே அவனைக் கட்டிப்போடுவார். ஒரு தடவை தோற்றுப்போனால் இரண்டாவது ஆட்டத்துக்கு அவனே வருவான்.

அப்பா பக்கம் வருகிறேன். ராத்திரி முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிற மனுஷனிடம் போய் “பிள்ளைகளோடு மனம்விட்டுப் பேசுங்கள்” என்று சொல்வது எனக்கே நியாயமாகப் படவில்லை. பதின்மூன்று வயதுக்கு மேல் ஆண்பிள்ளைகள் அப்பாவோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது அபூர்வம். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏதாவது செய்தால் பேச்சு தானாக வரும். உங்கள் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியுமா? நம் பக்கத்தில் தோட்டத்துக் கிணற்றில் பழகாத நாற்பத்தைந்து வயசுக்காரர் குறைவு. முதுகில் சுரைப்புருடையை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்ட கதை அவரிடமும் இருக்கும். பிள்ளைகளுக்கு அப்புச்சி தோட்டத்தில் டவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிணறு இருக்கிறதல்லவா?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், உயிர் விஷயம். கற்றுக்கொள்கிற பிள்ளை ஒன்றுக்கு நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர், தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் இறக்க வேண்டாம். மோட்டார் சுவிட்சை அணைப்பது போதாது; ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். படி உறுதியாக இருக்கிறதா, தண்ணீர் எத்தனை அடி, அடியில் கல்லோ கம்பியோ கிடக்கிறதா என்று அப்புச்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே மரத்தில் கட்டிய வடக்கயிறு ஒன்று தண்ணீர் வரை தொங்க வேண்டும். லாரி ட்யூபோ மூடி இறுக்கிய காலி கேனோ இடுப்பில் இருக்கட்டும். முதல் இரண்டு நாள் படியைப் பிடித்துக்கொண்டு காலை அடிப்பது மட்டும்தான். குதிப்பதெல்லாம் நீந்திக் கரைக்கு வரத் தெரிந்த பிறகு. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன) வாய்க்காலில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இறங்க விடாதீர்கள். பார்க்க அமைதியாக ஓடும். சரிவான சிமென்ட் கரையில் பாசி, பிடித்து ஏற ஒரு பிடி கிடைக்காது. காவிரியும் பவானியும் பழகுகிற இடம் கிடையாது. கொடிவேரி அணைக்குப் போனாலும் அருவியில் நின்று குளிப்பதோடு சரி, கயிறு கட்டித் தடுத்திருக்கும் இடத்தைத் தாண்டக் கூடாது. மகளுக்கும் கற்றுக்கொடுங்கள் என்பதைச் சேர்த்தே சொல்கிறேன். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு” என்று தோட்டத்தில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். அதற்குப் பதில் சொல்கிற வேலை அப்பாவுடையது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மாதம் தாங்கும். ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு போவது. உங்களுக்கு நொய்யல் பக்கம். வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, பேரூர் வந்து, கோயமுத்தூர்க் குளங்களையெல்லாம் நிரப்பி, சூலூர், திருப்பூர் என்று இறங்கி, நொய்யல் என்ற பெயருள்ள ஊர்ப் பக்கமே போய்க் காவிரியில் சேர்கிறது. ஒரு வாரம் பேரூர். படித்துறையில் உட்கார்ந்துவிட்டு, பட்டீசுவரர் கோயிலின் கனகசபைச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வரலாம். இன்னொரு வாரம் திருப்பூர்ப் பாலத்தில் நின்று மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம். கருப்பாக ஓடினால் ஏன் கருப்பு என்று மகள் கேட்பாள். உங்கள் வீட்டுக்காரருக்குப் பதில் தெரியும். காடாத் துணி தறியிலிருந்து எங்கே போகிறது, எங்கே சாயம் ஏறுகிறது, 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊர் எப்படி ஸ்தம்பித்தது, அதற்கு முன் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் பாடு என்ன என்பதெல்லாம் அவர் பார்த்த கதை. பாடப்புத்தகத்தில் ‘மாசுபாடு’ என்று இரண்டு மார்க் கேள்வியாக இருப்பது அவர் வாயில் வேறு மாதிரி வரும். இரண்டு பக்க நியாயமும் தெரிந்தவர் அவர்.

அந்த அணையை ஒட்டியே கொடுமணல் இருக்கிறது. சென்னிமலையிலிருந்து மேற்கே. போய் இறங்கினால் கோட்டை கொத்தளம் எதுவும் இருக்காது, காடும் மேடும்தான். “இதுக்கா வந்தோம்?” என்று மகன் கேட்பான். அதனால் கதையை முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும், அதையும் அவர்களிடமே விடுங்கள். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று சொல்லும் ஊர் இது என்பது அறிஞர்கள் கருத்து. 1980களிலிருந்து பல முறை தோண்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலை, பழைய தமிழ் எழுத்தான தமிழியில் பெயர் கீறிய பானை ஓடு, கல்லில் பாசிமணி செய்த பட்டறைத் தடயம் எல்லாம் கிடைத்தன. மணி செய்த கற்களில் பச்சைக்கல்லும் உண்டு. அது காங்கயத்துக்கு அருகே படியூர்ப் பக்கம் கிடைத்த கல். ரோமாபுரிக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்கிய கல். திருப்பூரிலிருந்து காங்கயம் போகும் பஸ் நிற்கிற அதே படியூர்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நம் பக்கம் எக்ஸ்போர்ட் தொழில்தான் என்று சொல்லிப் பாருங்கள், வீட்டுக்காரர் சிரிப்பார். அங்கே தரையில் பானை ஓடு கிடந்தால் பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம். பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

பறவை பார்க்கலாமா என்றால், பார்க்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு 2024இல் ராம்சர் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற) அங்கீகாரம் கிடைத்தது, ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டுக்கு 2022இலேயே கிடைத்துவிட்டது. என்றாலும் வலசைப் பறவைகள் வந்து குவிவது கார்த்திகைக்கு மேல்தான். மே மாத வெயிலில் கூட்டிப்போய் நாலு கொக்கைக் காட்டினால் இந்த ஜென்மத்துக்கும் பறவை என்றாலே கடுப்பாகிவிடுவார்கள். பொங்கல் லீவில் நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்ததை இபேர்ட் செயலியில் ஏற்றினால் யாரும் கலந்துகொள்ளலாம். ஃபோனைப் பிடுங்காமல் வெளியே கூட்டிப்போக ஒரு வழி என்பதால் சொல்கிறேன். அதுவரை பொறுங்கள்.

மகளுக்கும் உங்களுக்கும் சேர்த்து ஒன்று: வள்ளி கும்மி. உங்கள் பக்கத்து ஊர்க் கோயில் மைதானம் எதிலாவது ராத்திரி ஏழு மணிக்கு மேல் பயிற்சி நடந்துகொண்டுதான் இருக்கும். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தக் கலைக்குத்தான். ஆண்கள் ஆடிவந்த கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆறு வயதும் அறுபது வயதும் ஒரே வரிசையில் நின்று, ஒரே அடவு வைக்கிற இடம் இப்போது வேறு எது இருக்கிறது? போய் ஓரமாக நின்று வேடிக்கை பாருங்கள். இரண்டாவது பாட்டில் உங்கள் கால் தானாகத் தாளம் போடும். அம்மா அடவு தப்பிவிட்டு முழிப்பதைப் பார்க்கிற சந்தோஷம் பதின்மூன்று வயசுப் பெண்ணுக்கு எந்த ரீல்ஸிலும் கிடைக்காது. வீட்டுக்கு வந்து உங்களுக்கே சொல்லிக்கொடுப்பாள் பாருங்கள்.

ஃபோனைப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை, இருந்தாலும் எதிர்பார்த்திருப்பீர்கள். பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது நான் பார்த்தவரை பலித்ததில்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஐந்து பேர் ஃபோனும் ஒரு தூக்குப்போசியில் போய்விட வேண்டும் என்று ஒரே ஒரு சட்டம் போடுங்கள். அப்பாவின் ஃபோன் முதலில் விழ வேண்டும். தறிக்குடோனிலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது என்பார். அரை மணி நேரத்தில் பாவு நூல் ஒன்றும் அறுந்துபோகாது, போனாலும் பிணைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையோடு முடித்துவிடுகிறேன். முன்பு ஆசையாகச் செய்ததையெல்லாம் விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், கூட்டாளிகளிடமும் பேசாமல் முடங்கிக் கிடந்தால், அல்லது “நான் இருந்து என்ன ஆகப்போகுது” என்பது போல ஒரு வார்த்தை வந்தால், அது போர் அடிப்பது கிடையாது. ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் மனநல உதவி எண் ‘டெலி மானஸ்’ 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104, இரண்டும் இலவச எண்கள், நாள் முழுக்கப் பேசலாம். ரிசல்ட் வருகிற வாரத்தில் இந்த எண்களை நீங்கள் இருவரும் ஃபோனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. “இதுதானா” என்று கேட்கிற பிள்ளைக்குப் பசி நன்றாகத்தான் இருக்கிறது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒரே வேலை. உங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, கிணற்றில் இப்போது தண்ணீர் எத்தனை படி தெரிகிறது என்று கேளுங்கள். நீங்கள் கேட்க வேண்டாம், பேரனை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அப்புச்சியிடம் அவன் ஃபோனில் பேசி எத்தனை நாள் ஆகிறதோ.